ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது நீங்கள் வாங்கிய மரம் இல்லை

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் தன் வீட்டுப் பின்புறம் வைத்திருக்கும் மாங்கன்றைப் பார்க்கக் கூப்பிட்டார். "அக்கா, வச்சு ரெண்டு வருஷம்கூட ஆகல, எப்படித் தழைச்சிருக்கு பாருங்க" என்றார். நன்றாகத்தான் தழைத்திருந்தது. குனிந்து அடியைப் பார்த்தேன், பச்சை முழுவதும் ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து கிளம்பிய போத்து, அதாவது அடியிலிருந்து வரும் புதுத் துளிர். அவர் காசு கொடுத்து வாங்கிய இமாம்பசந்த் பக்கத்தில் ஒரு சாண் குச்சியாக நான்கு இலையோடு ஒடுங்கி நின்றது.

புதிதாகச் செடி வைப்பவர்கள் செய்யும் தவறுகளில், தொட்டியில் ஓட்டை போடாதது, தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது, இதெல்லாம் இரண்டு செடி செத்தால் தானாகவே புரிந்துவிடும். அவற்றை விடுகிறேன். இந்தத் தவறு அப்படி இல்லை, செடி சாகாது, செழிப்பாக வளரும், அதனால்தான் வருஷக்கணக்கில் தெரியாமலே போகிறது.

ஒட்டை மறந்துவிடுவது

ஒட்டுக்கன்று என்பது இரண்டு மரம். கீழே இருப்பது ஏதோ ஒரு மாங்கொட்டையை முளைக்க வைத்த நாற்று, வேருக்காக மட்டும். அதன் தலையை வெட்டிவிட்டு, நமக்கு வேண்டிய ரகத்தின் குச்சியை மேலே சேர்த்துக் கட்டியிருப்பார்கள். கீழே இருக்கும் நாற்று தன் போத்தை விட்டுக்கொண்டேதான் இருக்கும். வேர் அதனுடையது, பலமும் அதற்குத்தான் அதிகம். ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் போதும், மேலே உள்ள ரகத்தைப் பட்டினி போட்டுவிடும்.

நான் வைத்தது செந்தூரா. போத்து வந்தபோது கிளை பிரிகிறது என்று சந்தோஷப்பட்டு அதற்கு முட்டுக் குச்சிகூட நட்டேன். ஏழாவது வருஷம் காய்த்தது, வாயில் வைக்க முடியாத புளிப்பு, நாரும் கொட்டையும்தான். நர்சரியில் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு அவர்களுடையது இல்லை, என்னுடையது. மஞ்சள் ரோஜா வாங்கினேன், இப்போது வேறு ஏதோ பூக்கிறது என்று சொல்பவர்கள் பலருடைய கதையும் இதேதான். சப்போட்டாவைப் பாலை மரத்தின் நாற்றில்தான் ஒட்டுகிறார்கள், அதில் போத்தை விட்டால் சப்போட்டாவே இல்லாமல் காட்டுப் பாலை வளரும்.

வாங்கும்போது இலையைப் பார்க்காதீர்கள், தண்டைப் பாருங்கள். பைமண்ணுக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே ஒரு தழும்போ லேசான வளைவோ இருக்கும். இலையும் துளிரும் அதற்கு மேலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கீழேயிருந்து மட்டும் பச்சையாக இருந்தால், எவ்வளவு உயரம் என்றாலும் வேண்டாம்.

நடும்போது அந்தத் தழும்பு மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும். அப்புறம் எரு போடுகிறேன், மண் அணைக்கிறேன் என்று அதை மூடிவிடுகிறவர்களைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். கன்று வேர்பிடித்துப் புதுத் துளிர் விட்டதும், ஒட்டு நன்றாகக் கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டியிருக்கும் பாலித்தீன் நாடாவை பிளேடால் கீறி எடுங்கள். விட்டுவைத்தால் தண்டு பருக்கப் பருக்க அது இறுக்கும்.

முதல் மூன்று வருஷம் வாரம் ஒருமுறை அடியைப் பாருங்கள். போத்து இளசாக இருக்கும்போதே கட்டைவிரலால் அடியோடு பிய்த்துவிடுங்கள், கத்தரிக்கோலால் வெட்டிக் கணுவை மிச்சம் வைத்தால் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும். முதல் வருஷமே பூ வந்தாலும் ஆசைப்படாமல் கிள்ளிவிடுங்கள். ஒட்டுக்குச்சி காய்க்கிற மரத்திலிருந்து வந்தது, அதனால் சீக்கிரம் பூக்கும், ஆனால் காயைத் தாங்க அந்தக் கன்றுக்கு உடம்பு இல்லை.

பட்டம் பார்க்காதது

சமவெளியில் சித்திரையில் காலிஃபிளவர் விதைக்காதீர்கள்.

வெயில்

கத்தரி, தக்காளி, வெண்டைக்கு நேர் வெயில் 6 மணி நேரமாவது வேண்டும். அது கிடைக்காத பால்கனியில் புதினாவும் கற்பூரவல்லியும் வையுங்கள். வெற்றிலைக் கொடிகூட வரும். இல்லாத வெயிலுக்கு உரம் போட்டு ஈடுகட்ட முடியாது.

கறிவேப்பிலை

முதல் வருஷம் பறிக்காதீர்கள். ரசத்துக்கு நாலு இலை கடையிலேயே கிடைக்கும்.

வாசலில் முருங்கை

வேண்டாம். மழைக்காலத்தில் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும், காற்றடித்தால் கிளை முறியும். பி.கே.எம்.1 மாதிரிச் செடிமுருங்கையை, கவாத்து செய்து குட்டையாக வைத்துக்கொள்ள முடிந்தால், வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.

அந்தத் தம்பியின் மாங்கன்றில் இமாம்பசந்த் குச்சிக்கு இன்னும் உயிர் இருந்தது. இரண்டு போத்தையும் அன்றைக்கே அடியோடு எடுத்துவிட்டோம். அவருக்கு மனசே இல்லை, ஆளுயரம் வளர்ந்ததை வெட்டுகிறோமே என்று. மூன்று வாரம் கழித்துப் படம் அனுப்பினார், உச்சியில் செம்புநிறத்தில் ஒரு கொத்துத் துளிர்.