சிரப்பைக் குறைக்காதீர்கள்: கல்லீரல் நோயாளி வீட்டில் நடக்கும் தவறுகள்

என் சித்தப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிப் போயிருந்த சமயம். புது வண்ணாரப்பேட்டையில் ஆறு குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். டாக்டர் லாக்டுலோஸ் சிரப் எழுதியிருந்தார். குடித்தால் மூன்று தடவையாவது போக வேண்டிவரும். வாளியோடு வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் அளவைக் குறைத்துவிட்டார். சில நாளில், சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது என்றே தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தியைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார்.

லாக்டுலோஸை வெறும் மலச்சிக்கல் மருந்து என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. நம் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் புரதத்தை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். கெட்டுப்போன கல்லீரலால் முடியாது, அம்மோனியா மூளைக்கு ஏறிக் குழப்பம் வந்துவிடும். லாக்டுலோஸைக் குடல் பாக்டீரியாக்களே தின்று அமிலமாக்குகின்றன. அந்த அமிலத்தில் அம்மோனியா ரத்தத்துக்குள் போக முடியாமல் சிக்கி, மலத்தோடு வெளியேறுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போவதுதான் சரியான அளவு. தண்ணீராகப் போனால் அதுவும் ஆபத்து, உடம்பில் நீர் வற்றியும் குழப்பம் வரும். அதனால் கூடக்குறைய இருந்தால் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். கக்கூஸ் பிரச்சினையையும் அவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

குடலுக்கும் கல்லீரலுக்கும் அப்படியென்ன நெருக்கம்? கல்லீரலுக்குள் வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக வருவது. அங்கே குப்ஃபர் செல்கள் என்ற காவல்காரர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டோடு வரும் சாதாரணத் துகளைப் பார்த்துப் பதறாமல் விட்டுவிட்டு, கிருமியை மட்டும் பிடிப்பது அவர்கள் வேலை. கல்லீரல் சுருங்கும்போது குடல் சுவரும் கசிய ஆரம்பிக்கிறது. பாக்டீரியாவின் துணுக்குகள் ஓயாமல் வந்து விழ, காவல் முதலில் கொதித்து, பிறகு களைத்துப் போகிறது. தொற்று எளிதாகப் புகுந்துவிடும். டிரான்ஸ்பிளான்ட், அதாவது கல்லீரல் மாற்று ஆபரேஷன், செய்தாலும் மாறுவது கல்லீரல் மட்டும்தான். புதுக் கல்லீரலுக்கு ரத்தம் அனுப்புவது அதே பழைய குடல்.

அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் நாமாக இரண்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது இவ்வளவு மோசம். நல்ல பாக்டீரியா செத்து, மருந்துக்கு அடங்காதது குடலில் தங்கிவிடும். ஆபரேஷனுக்குப் பிறகு, புதுக் கல்லீரலை உடம்பு தாக்காமலிருக்க நோய் எதிர்ப்பை மருந்தால் அடக்கி வைத்திருக்கும்போது அதுவே ரத்தத்தில் இறங்கினால், காப்பாற்றுவது கஷ்டம்.

அப்புறம் பழைய சோறு. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் குடல் அழற்சி நோய்க்கு அதை வைத்து ஆய்வு தொடங்கினார்கள், அது நமக்குப் பெருமைதான். ஆனால் அதைச் சொல்லி, டிரான்ஸ்பிளான்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு ராத்திரி முழுக்க வெளியே ஊறிய சோற்றைக் கொடுக்காதீர்கள். நமக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவருக்கு ஐசியூவரை போகும். உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரையும் அப்படித்தான், டிரான்ஸ்பிளான்ட் செய்த டாக்டர் டீமைக் கேட்காமல் வேண்டாம்.

இன்னொரு பக்கம், அம்மோனியா பயத்தில் முட்டை, மீன், பருப்பை நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. பழைய காலத்து அறிவுரை அது. இப்போது கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். காசிமேட்டிலிருந்து வந்த மீனை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வையுங்கள், ராத்திரிப் பட்டினியில் தசை கரையும்.

கடைசியாக, ஆபரேஷன் ஆனவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், "மாத்திரை எல்லாம் வெளியே போயிடுச்சு, இன்னொன்னு போடலாம்" என்று, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸை இரட்டிப்பாக்க வேண்டாம். குடல் சுவரில் அந்த மருந்தைச் சிதைத்துத் தடுக்கும் வேலை வயிற்றுப்போக்கில் குறைந்துபோவதால், ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தான் செய்யும். ஏறினால் சிறுநீரகம் அடிவாங்கும். அன்றைக்கே டிரான்ஸ்பிளான்ட் டீமுக்குப் போன் செய்து, ரத்தத்தில் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.