கார்த்திகை மழையில் நாற்று, மார்கழியில் தோட்டம்

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொல்லாதவர் இல்லை. ஆனால் கடலூர், புதுச்சேரிக் கரையோரத்தில் வீட்டுக் காய்கறிக்கு நல்ல காலம் மார்கழி முதல் மாசி வரைதான். இரவு கொஞ்சமாவது குளிர்ந்தால்தான் தக்காளி பிஞ்சு பிடிக்கும். பங்குனியில் பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ காய்ந்து உதிரும். மழை முழுக்க விடட்டும் என்று பொங்கல் வரை காத்திருந்து விதை போட்டால், செடி பூக்கும் நேரமும் வெயில் ஏறும் நேரமும் ஒன்றாகிவிடும்.

குளிர் நாடுகளில் கடைசி உறைபனி விழும் நாளைக் கணித்து, அதற்கு 6 முதல் 8 வாரம் முன்பே தக்காளி விதையை வீட்டுக்குள் போட்டுவிடுகிறார்கள். நமக்கு உறைபனி இல்லை, வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. கணக்கு ஒன்றுதான்: நடவு நாளை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் நாற்று வேகமாக வளர்வதால் அவ்வளவு வாரம் தேவைப்படாது. மிளகாய்க்கு 40 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, தக்காளிக்கு 25. மார்கழி முதல் வாரம் நடவு என்றால் மிளகாய் விதை ஐப்பசி மூன்றாம் வாரத்திலும், கத்தரி ஐப்பசிக் கடைசியிலும், தக்காளி கார்த்திகை முதல் வாரத்திலும் விழ வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் போட்டால் தக்காளி நாற்று முற்றிப்போய், மிளகாய் நாலு இலையோடு நிற்கும்.

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்றரை அடி அகலம், 12 அடி நீளத்தில் நான்கு பாத்தி போதும். நடுவில் ஒன்றரை அடி நடைபாதை விடுங்கள். முதல் பாத்தி முழுக்கத் தக்காளி: இரண்டு வரிசை, வரிசைக்கு இடையில் 60 செ.மீ., செடிக்குச் செடி 45. இரண்டாவதில் பாதி கத்தரி (60-க்கு 60, ஆறு செடி), பாதி மிளகாய் (எட்டுச் செடி). மூன்றாவதில் இரண்டு வரிசை வெண்டை, ஒரு வரிசை கொத்தவரை. நான்காவது கீரைக்கும் முள்ளங்கிக்கும். அதை மூன்றாகப் பிரித்து வாரம் ஒரு பகுதியாக விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். கத்தரியில் பாலூர் ரகம் கிடைத்தால் வாங்குங்கள். கடலூர் மாவட்டத்துப் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது.

பாத்தியைப் புரட்டாசியிலேயே கொத்தி, மேடாக்கி வைக்க வேண்டும். மழை பிடித்த பிறகு மண்வெட்டியை எடுத்தால் களி மண் கட்டி கட்டியாக இறுகிவிடும். களியில் மேடு ஒரு அடி இருக்கட்டும், கரையோர மணலில் அரை அடி போதும். மேலே தென்னங்கீற்றைப் பரப்பிவிட்டால் அடைமழை மண்ணை அடித்து இறுக்காது. எருவை மட்டும் அப்போது போடாதீர்கள். மணலில் ஐப்பசி மழை அதன் சத்தை அடித்துக்கொண்டு போய்விடும். நடவுக்கு ஒரு வாரம் முன்பு, பாத்திக்கு மக்கிய தொழு உரம் 20 கிலோ, வேப்பம்புண்ணாக்கு அரைக் கிலோ கலந்து கொத்திவிடுங்கள். மணல் மண்ணில் வேர்முடிச்சு நூற்புழு அதிகம். அதற்காகத்தான் புண்ணாக்கு.

இனி நாற்று. பாதிப்பேர் தோற்பது இங்கேதான்.

98 குழி உள்ள குழித்தட்டு ஒன்று வாங்குங்கள். மக்கிய தென்னை நார்க்கழிவு மூன்று பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பவும். நார்க்கழிவைக் கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுத்தான் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். குழிக்கு ஒரு விதை, அரை செ.மீ. ஆழம். விதைக்கும் முன், அழுகலைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் பொடியை விதையில் லேசாகப் பிசிறிக்கொள்ளுங்கள் (கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு, வீட்டளவுக்கு ஒரு சிட்டிகை). தக்காளி ஒரு வாரத்துக்குள் முளைக்கும். மிளகாய்க்குப் பத்து நாள் வரை ஆகலாம், அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

எல்லோரும் நிழல்வலை கட்டச் சொல்வார்கள். அது கோடைக்குச் சரி. மழைக்காலத்தில் வானமே மூடிக் கிடக்கும்போது 50 சதவீத நிழல்வலையும் போட்டால் நாற்று வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும். மழைத்துளியும் வலைக்குள் புகுந்துவிடும். வேண்டியது வெளிச்சம் புகும் வெள்ளை பாலித்தீன் தாள். சவுக்குக் கம்பு நட்டுக் கூரைபோல் சாய்வாக, தட்டுக்கு மூன்றடி மேலே கட்டி, பக்கங்களைத் திறந்துவிடுங்கள். காற்று ஓடாவிட்டால் நாற்றழுகல் நிச்சயம். தண்டு மண்மட்டத்தில் தண்ணீர் கோத்ததுபோல் மெலிந்து, ஒரே இரவில் நாற்று மடிந்து கிடந்தால் அதுதான். பிடித்ததைப் பிழைக்க வைக்க முடியாது; பிடுங்கி எறிந்துவிட்டு, மற்றவற்றுக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து வேரில் ஊற்றலாம். மழை நாளில் தட்டுக்குத் தினமும் தண்ணீர் தேவையில்லை. மேல்பரப்பு வெளிறினால் மட்டும் காலையில் தெளியுங்கள், மாலையில் வேண்டாம்.

நத்தையை மறந்துவிடாதீர்கள். தட்டை மேசைமேல் வைத்து, கால்களின் கீழ் உப்புத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சியை வையுங்கள். எறும்பும் ஏறாது. புயல் எச்சரிக்கை வந்தால் தட்டை வீட்டுக்குள் தூக்கிவிடலாம், ஆனால் இரண்டு நாளுக்கு மேல் இருட்டில் வைத்தால் நாற்று வெளுத்து நீளும்.

நடவுக்கு ஐந்தாறு நாள் முன்பு தாளை விலக்கி வெயில் காட்டி, தண்ணீரைக் குறையுங்கள். பிறகு மாலையில் நடலாம். நடும் முன் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சூடோமோனாஸ் கரைத்து வேரை அரைமணி நனையுங்கள். தக்காளியை மட்டும் முதல் இலை வரை ஆழமாக நடலாம், தண்டிலும் வேர் விடும். கத்தரியும் மிளகாயும் தட்டில் இருந்த ஆழத்திலேயே இருக்கட்டும். வெண்டையும் கொத்தவரையும் நேரடி விதைப்பு: குழிக்கு இரண்டு விதை, 2 செ.மீ. ஆழம், முளைத்த பின் ஒன்றைக் களையவும்.

மார்கழி பிறந்ததால் மட்டும் வானத்தை நம்பிவிட முடியாது. தானே புயல் இந்தக் கரையில் ஏறியது 2011 டிசம்பர் 30-இல். ஆகவே எல்லா நாற்றையும் ஒரே நாளில் நடாமல், பத்துப் பதினைந்து நாற்றைத் தட்டிலேயே இரண்டு வாரம் வைத்திருங்கள். தக்காளிக்கு நட்ட அன்றே நாலடிச் சவுக்குக் கழி ஊன்றிவிடுங்கள். பின்னால் ஊன்றினால் வேர் அறும்.

நட்ட பத்தாம் நாள் கரும்புச் சோகையை இரண்டு அங்குலம் பரப்பலாம். தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் விடவும். மிளகாய் நுனி சுருண்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள்: மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் சிலந்திப் பேன். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசலோடு. சிலந்திப் பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். இரண்டையும் ஒரே வாரத்தில் அடித்தால் இலை கருகும். கத்தரியின் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு. அரை அங்குலம் கீழே கிள்ளி, தூர எறியாமல் அழித்துவிடுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் மாசி வாக்கில் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பு ஏறினால் அவரையின் இலை ஓரம் முதலில் கருகும். பீட்ரூட் ஓரளவு தாங்கும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதைப் பயறு வகைக்கு ஒதுக்குங்கள்.

பங்குனியில் தக்காளியைப் பிடுங்கிவிடலாம். கத்தரியைப் பிடுங்க வேண்டாம். தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, செடிக்கு இரண்டு கை எரு வைத்து, தண்ணீர் தவறாமல் விட்டால் மறுபடி தழைத்துக் காய்க்கும்.