புத்தர் ஜயந்தி ஸ்டாம்ப்: பழைய கவரிலிருந்து கிழியாமல் எடுப்பது எப்படி?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளைச் சுற்றினால், எனாமல் தூக்குகளுக்கு நடுவே பழைய கடிதக் கட்டுகள் அகப்படும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, ஆள் போன வீடுகளின் கடிதங்கள். புதிதாக ஸ்டாம்ப் சேர்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. எனக்கு புத்தர் ஜயந்தி ஸ்டாம்ப் கிடைத்தது அப்படி ஒரு கட்டில்தான்.

1. அடையாளம் பாருங்கள்

1956 மே 24, வைகாசிப் பௌர்ணமி அன்று இந்தியத் தபால் துறை இரண்டு ஸ்டாம்ப் வெளியிட்டது. புத்தர் பிறந்தது, ஞானம் பெற்றது, பரிநிர்வாணம் அடைந்தது மூன்றுமே இந்தப் பௌர்ணமியில்தான் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. பரிநிர்வாணமாகி 2500 ஆண்டு நிறைந்ததென்று இந்தியா, இலங்கை, பர்மா எல்லாம் அந்த வருஷம் விழா எடுத்தன. 2 அணா ஸ்டாம்பில் போதிமரம், பழுப்பு நிறம். 14 அணாவில் வட்டக் குடையும் மரமும், நல்ல சிவப்பு. போதிமரம் வேறொன்றுமில்லை, நம் ஊருணிக்கரை அரசமரம்தான். எனக்கு இந்த ஸ்டாம்பின் மேல் பிரியம் வந்ததே அதனால்தான்.

விலை அணாவில் இருக்கும். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-இல்தான்.

2. எடுக்கத்தான் வேண்டுமா?

தபால் முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவாக இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். முழுக் கவருக்குத்தான் மதிப்பு. தேவகோட்டை முத்திரை விழுந்த கவர் ஒன்றை நான் அப்படியே வைத்திருக்கிறேன். கவர் கிழிந்து, முத்திரையும் மங்கியிருந்தால் மட்டும் மேலே போங்கள்.

3. ஊறவைப்பது

ஸ்டாம்பைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டுக் கவரை வெட்டுங்கள். ஸ்டாம்பின் ஓரத்துப் பல்லில் விரல் படக் கூடாது. தட்டையான கிண்ணத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, படம் மேலே தெரிய மிதக்கவிடுங்கள். கலர் கவர், ஊதா மை எழுத்து என்றால் தனிக் கிண்ணம். சாயம் இறங்கினால் போச்சு.

கால்மணி, அரைமணி ஆகட்டும். பசை விட்டதும் ஸ்டாம்ப் தானாக வழுக்கும். அதற்குள் நகத்தால் பிரிக்காதீர்கள். பள்ளிக்கூட நாளில் நான் பிரித்த ஒரு ஸ்டாம்ப் முன்னால் பார்க்க முழுசாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் தாள் மெலிந்து ஓட்டை மாதிரி தெரிந்தது. அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

பின்பக்கம் வழவழப்பு போகும்வரை புதுத் தண்ணீரில் அலசுங்கள். ஈரமாக இருக்கும்போதே கறுப்புத் தட்டில் குப்புறப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து இந்திய ஸ்டாம்புகளின் தாளில் இருக்கும் நட்சத்திர நீர்க்குறி (தாள் செய்யும்போதே பதிகிற அடையாளம்) மெல்லத் தெரியும்.

4. உலர்த்துவது

மையொற்றுத்தாளில் (ப்ளாட்டிங் பேப்பர்) குப்புற வையுங்கள். வெயில், அயர்ன் பாக்ஸ் இரண்டும் வேண்டாம். முக்கால் காய்ந்ததும் கனமான புத்தகத்துக்குள் ஒரு ராத்திரி வைத்தால் சுருள் நிமிரும்.

பிறகு பல்லில்லாத இடுக்கியால் எடுத்து ஸ்டாக் புக்கில் (ஸ்டாம்பை ஒட்டாமல் செருகி வைக்கிற ஆல்பம்) செருகுங்கள். பசை, செலோடேப், லேமினேஷன் எதுவும் கூடாது. ஐப்பசி மழையில் புத்தகத்தைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள்.