அக்வாமரின்: மோதிரத்தில் பதிக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கல் பழக வரும் தம்பி ஒருவர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். "அக்வாமரின் அண்ணா, பத்து கேரட்." நல்ல தெளிவு, நல்ல நீலம். ஆனால் பத்து கேரட்டுக்குக் கல் சின்னதாக இருந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கீறல், விரிசல் பார்ப்பதை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீல டோபாஸை அக்வாமரின் விலைக்கு வாங்குவது

பல வருடங்களுக்கு முன்பு நானும் இதைத்தான் செய்தேன். வியாபாரி வெயிலில் பிடித்துக் காட்டினார், நிறத்தில் மயங்கிக் காசைக் கொடுத்தேன். அன்றைக்கே மோதிரத்திலும் பதித்துவிட்டேன். பதித்த கல்லைத் தனியாக எடை போட முடியாது. மூன்று வருடம் கழித்து, பிடி தேய்ந்து கல்லைக் கழற்றியபோதுதான் உண்மை தெரிந்தது. அதற்குள் அந்த வியாபாரி கடையை மாற்றிவிட்டார். இன்றும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

பத்து கேரட் என்பது 2 கிராம். அக்வாமரினின் அடர்த்தி சுமார் 2.7, டோபாஸ் 3.5. அதனால் எடை ஒன்றாக இருந்தால் டோபாஸ்தான் சிறியதாகத் தெரியும். 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். கல்லின் எடையைத் தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 2 கிராம் அக்வாமரின் என்றால் தராசு 0.74 காட்டும். தம்பியின் கல்லுக்கு 0.57 வந்தது; வகுத்தால் 3.5, அதாவது டோபாஸ்.

நீல டோபாஸும் கல்தான். ஆனால் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது நிறமில்லாத டோபாஸைக் கதிர்வீச்சில் வைத்துச் சூடாக்கி நீலமாக்கியது; விலை வெகு குறைவு. ஸ்படிகத்துக்குச் சாயமேற்றி பெரில் (அக்வாமரின் சேர்ந்த கல் இனம்) என்று காட்டும் வித்தை இந்தியர்களுக்குத் தெரியும் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

வைடூரியம் என்ற சொல்லில் குழம்புவது

அக்வாமரின் பெரில் வகை, மரகதத்தின் உடன்பிறப்பு. இதற்கு நிறம் தருவது இரும்பு. இன்றைய நவரத்தினத்தில் வைடூரியம் என்றால் பூனைக்கண், கேதுவுக்கு உரியது. ஆனால் பெரில் என்ற கிரேக்கச் சொல்லே வைடூரியத்தின் பிராகிருத வடிவத்திலிருந்து போனது என்பது அறிஞர் பலரின் கருத்து. அதனால் பழைய நூலில் வைடூரியம் என்று வந்தால், சொல்லப்படுவது பெரிலாகவும் இருக்கலாம். நம் காங்கேயம் பக்கத்துப் படியூரில் பெரில் வெட்டினார்கள். நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் கல் அறுத்துப் பட்டை தீட்டிய தடயங்கள் கிடைத்தன. இந்த மண்ணின் கல்லை அதன் கதை தெரியாமல் விற்பதும் வாங்குவதும் எனக்கு வருத்தம்தான். பரிகாரத்துக்கு வாங்குகிறவர்கள், சொன்னவரிடமே எந்தக் கல் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா நம்பிக்கையையும் நம் சாஸ்திரம் என்பது

அக்வா மரினா என்றால் லத்தீனில் கடல்நீர். அலையிலிருந்து காக்கும் என்று மாலுமிகள் அணிந்த கதை ஐரோப்பாவிலிருந்து வந்தது. மார்ச் மாதக் கல் என்பது அமெரிக்க நகை வியாபாரிகள் 1912-இல் போட்ட பட்டியலில் உள்ளது. நம்பி அணியுங்கள், தப்பில்லை. எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சுட்ட கல் என்று ஒதுக்குவது

ஒதுக்க வேண்டாம். சூட்டில் மஞ்சள் சாயல் போய் நீலம் தெளியும். அந்த நிறம் நிலைக்கும்.

அடர்நீல பெரிலுக்கு ஆசைப்படுவது

மஷீஷி (Maxixe) என்ற பெரில் வகையாக இருந்தால் வெயிலில் வெளுத்துவிடும்.

ரசீதைப் படிக்காமல் மடித்து வைப்பது

கல்லின் பெயர், எடை, சூடாக்கியதா என்பது மூன்றும் எழுத்தில் வேண்டும். தம்பியின் ரசீதை வாங்கிப் பார்த்தேன். 'ப்ளூ ஸ்டோன் - 1' என்று மட்டும் இருந்தது.