ஓடுங்கள், உட்காராதீர்கள்: முதன்முறை பாராகிளைடிங் போகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் 16 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். போன நவம்பரில் நேபாளத்துப் பொக்காராவில் பாராகிளைடிங், அதாவது மலைச்சரிவில் ஓடித் துணி இறக்கையில் தொங்கியபடி பறந்துவிட்டு வந்ததிலிருந்து, சட்டை அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட அதைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, பயமா இருக்கேல்லையா? எனக்கு 52 வயசு, என்னை ஏத்துவாங்களா?" அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டேன்டம் என்றால் ஒரே இறக்கையின் கீழே இருவர். நீங்கள் முன்னால், விமானி உங்களுக்குப் பின்னால். பயிற்சி எதுவும் தேவையில்லை. உங்களுக்கு இரண்டே வேலை: புறப்படும்போது ஓடுவது, இறங்கும்போது காலை ஊன்றத் தயாராக இருப்பது. மற்றதெல்லாம், யாரோடு பறக்கிறோம், எந்த நேரத்தில், எப்படிப்பட்ட காற்றில் என்பதெல்லாம், மலைக்கு ஏறும் முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் தரையில் நடப்பதைப் பற்றித்தான்.

முதலில் நாள் கணக்கு. பறப்பதற்கென்று ஒரு நாள் ஒதுக்கினால், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு நாள் சும்மா விடுங்கள். இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. நானும் தம்பியும் பொக்காராவில் மூன்று இரவு தங்கினோம். முதல் நாள் காலை ஜீப்பில் சாரங்கோட் மலைக்கு ஏறிப் போனால் உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். விமானிகள் தங்களுக்குள் ஏதோ பேசினார்கள், இறக்கைப் பைகளை மறுபடி ஜீப்பில் ஏற்றினார்கள். இன்றைக்கு இல்லை என்றார்கள். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. கீழே ஏரிக்கரைத் தெருவில் ஒருவர் எங்களை மறித்து, "அவர்கள் போகாவிட்டால் என்ன, நாங்கள் இப்போதே அனுப்புகிறோம்" என்றார். அன்று மத்தியானமே திரும்பும் பஸ் என்றிருந்தால் நாங்கள் அவரோடு போயிருப்போம். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். கையில் நாள் இருந்ததால்தான் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. உங்களைக் கூட்டிக்கொண்டு மேலே போய், காற்றைப் பார்த்து, பணத்தை விட்டுவிட்டுக் கீழே கூட்டிவருகிற ஆட்கள்தான் நீங்கள் தேடுகிற ஆட்கள்.

பொக்காராவுக்கு மழைக்காலம் முடிந்த பிறகு, அக்டோபர் நவம்பரில் போவது நல்லது. வானம் தெளிந்திருக்கும், பனிமலைகள் தெரியும். சார்க் நாட்டவர் என்பதால் எங்கள் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஓர் ஆண்டில் முதல் 30 நாள் விசாவுக்குக் கட்டணம் இல்லை. காத்மாண்டுவிலிருந்து பொக்காரா ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஒரு பகல் போய்விடும், சிறிய விமானத்தில் அரை மணி நேரம். இன்னொன்று, நேபாள நேரம் எங்களுடையதைவிட 15 நிமிடம் முந்தியது. மணிக்கூட்டை மாற்ற மறந்தால் ஜீப் போய்விடும்.

சரி, பதிவு செய்யப் போகும்போது என்ன கேட்பது? விலையைக் கடைசியாகக் கேளுங்கள். என்னோடு பறக்கப்போகிறவருக்கு டேன்டம் உரிமம் இருக்கிறதா, எத்தனை வருடமாகப் பயணிகளை ஏற்றுகிறார், அவசரப் பாராசூட்டைக் கடைசியாக எப்போது பிரித்து மடித்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பாராசூட் மடித்தபடியே கிடந்தால் ஒட்டிக்கொள்ளும், விரிய நேரமெடுக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு முறையாவது பிரித்து, காற்றாட விட்டு, திரும்ப மடிக்க வேண்டும். நல்ல ஆட்கள் இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார்கள், திகதியைச் சொல்வார்கள். உங்கள் எடையைக் கேட்பார்கள். அதில் ஐந்து கிலோ குறைத்துச் சொல்ல வேண்டாம். இறக்கைக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று எடைக்கணக்கு உண்டு, யாரை எந்த இறக்கையில் ஏற்றுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஜீப்பும் படமும் விலையில் அடக்கமா என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

கொழும்பில் இருக்கும்போதே பயணக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். பெரும்பாலானவற்றில் சாகச விளையாட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு வரி இருக்கும். பாராகிளைடிங் என்ற சொல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

வயதைப் பற்றிக் கேட்ட அக்காவுக்கு என் பதில்: வயதைவிட முழங்கால்தான் முக்கியம். சரிவில் பத்துப் பதினைந்து காலடி ஓட முடிந்தால் போதும். ஆனால் கர்ப்பமாக இருப்பவர்களும், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் போகவே வேண்டாம். இருதய வருத்தமோ நாரி வருத்தமோ இருந்தால் உங்கள் டொக்டரிடம் கேட்காமல் போகாதீர்கள்.

அந்த ஓட்டத்தை நாங்கள் காலிமுகத்திடலில் பழகினோம். முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு புல்தரையில் நான் ஓட, தம்பி பின்னாலிருந்து பையைப் பிடித்து இழுத்தான். பட்டம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எங்களையே பார்த்தார்கள். மலையில் நடப்பது இதுதான். இறக்கை காற்றில் எழும்பும்போது பின்னால் ஓர் இழுவை வரும், உடம்பு தானாகவே நின்றுவிடப் பார்க்கும். நின்றுபோன த்ரீவீலைத் தள்ளும்போது எப்படி முன்னால் சாய்ந்து தள்ளுவோமோ, அப்படிச் சாய்ந்து, அடி அடியாக ஓட வேண்டும்.

உடுப்பைப் பற்றி என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பீர்கள்! சேலை, பாவாடை, கால் அகன்ற காற்சட்டை எதுவும் வேண்டாம். தொடைப்பட்டி இறுகுகிற இடத்தில் துணி சுருண்டு நிற்கக் கூடாது. சல்வார் போடுகிறவர்கள் சால்வையை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள், தொங்குகிற துணி, இறக்கையையும் இருக்கையையும் இணைக்கும் நூல்களில் மாட்டும். தாலிக்கொடியையும் சங்கிலியையும் சட்டைக்குள் விட்டுக் கழுத்துவரை பொத்தான் போடுங்கள். கொண்டை போட்டால் தலைக்கவசம் சரியாக உட்காராது, கீழே தாழ்த்திப் பின்னிக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், நாடா கட்டுகிற சப்பாத்து வேண்டும். மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நாடா. மேலே குளிரும், காற்றும் முகத்தில் அடித்தபடியே இருக்கும், அதனால் கொழும்பில் பெட்டிக்கு அடியில் கிடக்கிற அந்தக் குளிர்ச்சட்டையைக் கொண்டுபோங்கள்.

இறக்கையை விரித்தபோது நான் முதலில் பார்த்தது துணியைத்தான். ரிப்ஸ்டாப் நைலான். சிறு சிறு கட்டமாகத் தடித்த இழை ஓடும், ஓரிடத்தில் கிழிந்தாலும் அந்தக் கட்டத்தைத் தாண்டி இலகுவில் பரவாது. இருவரைத் தூக்கும் இறக்கை சுமார் 40 சதுர மீட்டர். ஆறேழு சேலையைப் பக்கம் பக்கமாக இணைத்தால் வரும் பரப்பு, அதுவும் மேலும் கீழுமாக இரண்டு தட்டு. இரண்டுக்கும் நடுவில் அறை அறையாகத் தடுத்துத் தைத்திருக்கிறார்கள். முன்விளிம்பில் அந்த அறைகளுக்கு வாய் திறந்திருக்கும். ஓடும்போது அந்த வாய்களுக்குள் காற்று புகுந்து அறைகள் உப்பி, தரையில் கிடந்த துணி இறக்கையாகிவிடுகிறது. புதிய நைலானைக் கையில் கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். வெயிலில் பழசானது தளர்ந்து, சத்தம் இல்லாமல் இருக்கும். வெளிறிப்போன, தொய்ந்துபோன இறக்கையைக் கண்டால் இது எவ்வளவு காலம் பாவித்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நாங்கள் வல்வெட்டித்துறை ஆட்கள். தைப்பொங்கலன்று எங்கள் கடற்கரையில் நடக்கும் பட்டப்போட்டிக்கு அப்பா இரண்டு மாதத்துக்கு முன்பே மூங்கில் சீவத் தொடங்கிவிடுவார். அவர் வளர்த்த பிள்ளைக்கு இறக்கையின் நூல்களைப் பார்த்தவுடனே விளங்கியது: இது முச்சை, பட்டத்தில் கட்டி ஒரே நூலில் சேர்க்கிற அந்தக் கட்டுநூல்கள். பட்டத்தை எந்தச் சாய்வில் காற்றுக்குக் காட்டுவது என்பதை முச்சைதான் தீர்மானிக்கும், அந்த வேலையைத்தான் இந்த நூல்களும் செய்கின்றன. ஒரேயொரு வித்தியாசம், பட்டத்தைத் தரையிலிருந்து ஒருவர் பிடித்திருப்பார். இங்கே பிடித்து இழுப்பது உங்கள் எடை. நூல் அறுந்த பட்டம் போல இது அள்ளுண்டு போகாது. ஒரு மீட்டர் இறங்கும் நேரத்தில் ஏழெட்டு மீட்டர் முன்னால் போகும். பயத்தில் கிடந்த எனக்கு இந்தக் கணக்குத்தான் தைரியம் கொடுத்தது.

கட்டும்போது அவசரப்படுத்த விடாதீர்கள். இரண்டு தொடைப்பட்டி, நெஞ்சுப்பட்டி, தலைக்கவச நாடா, பிறகு உங்கள் இருக்கையை இறக்கையோடு இணைக்கும் இரண்டு கொளுவிகள். ஒவ்வொன்றையும் விமானி பார்த்த பிறகு நீங்களும் கையால் தொட்டு, இழுத்துப் பாருங்கள். தொடைப்பட்டிதான் உங்களை இருக்கையிலிருந்து நழுவாமல் வைத்திருக்கிறது, அதை மட்டும் இரண்டு முறை பாருங்கள். பட்டி மடிகிற இடத்தில் நெருக்கமாகப் போகவர ஓட்டிய தையல் இருக்கும். பாடசாலைப் பையின் தோள்பட்டி பிரியாமலிருக்க நாங்களும் அதைத்தான் போடுகிறோம். நான் விரலால் தடவிப் பார்த்ததைக் கண்ட என் விமானி, "தீதி, தையல்காரியா?" என்று கேட்டார். அங்கே அக்காவைத் தீதி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் அவர் சொன்னது மிகக் கொஞ்சம். நட. ஓடு. நிற்காதே. குதிக்காதே. உட்காராதே. நான் கடைசியைத்தான் பிழைவிட்டேன். மூன்றாவது அடியில் இடுப்பில் ஒரு தூக்கல் வந்தது, பறந்துவிட்டோம் என்று நினைத்துக் கால்களை மடக்கி உட்கார்ந்துவிட்டேன். என் எடை முழுவதும் அவர் மேல் விழ, அவர் உடனே இறக்கையைத் தரையில் போட்டார். முழங்கால் உரசியது, வேறொன்றும் இல்லை. அவர் கோபிக்கவில்லை. மறுபடி இறக்கையை விரித்து, நூல்களைப் பிரித்து, காற்றின் திசை காட்டக் கட்டியிருந்த துணி நிமிரும்வரை காத்திருந்து, "இந்த முறை கால் காற்றில் இருந்தாலும் ஓடுங்கள், நான் சொல்லும்வரை" என்றார். ஓடினேன். புல் போய், கீழே மரங்களின் தலை தெரிந்த பிறகும் என் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம்தான் அவர் என் தோளைத் தட்டி, பின்னால் சாய்ந்து முழங்காலைத் தூக்கச் சொன்னார். இருக்கை வந்து சரியாகக் கீழே அமர்ந்தது.

அதற்குப் பிறகு பயம் இல்லை. உயரத்துக்குப் பயப்படுகிற எனக்கு, மாடி விளிம்பில் வருகிற அந்தக் கால்கூச்சம் ஒரு நொடிகூட வரவில்லை. தரையோடு தொட்டுக்கொண்டிருக்கிற சுவரோ விளிம்போ இல்லாததாலோ என்னவோ. கீழே பேவா ஏரி, வலப்பக்கம் திரும்பியபோது 6,993 மீட்டர் மச்சாப்புச்சரே. பெயருக்கு மீன்வால் என்று பொருள். எங்களுக்குக் கொஞ்சம் மேலே ஒரு கழுகு இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தது. விமானி அதைப் பார்த்துத்தான் அங்கே போனார். வெயில் பட்ட சரிவில் சூடான காற்று எழும்புகிற இடம் கழுகுக்குத் தெரியும். அதற்குள் நுழைந்ததும் அவரிடமிருந்த கருவி கீச்கீச்சென்று விரைவாகக் கத்தத் தொடங்கியது, ஏறுகிறோம் என்று அர்த்தம். அப்படி ஏறும் காற்று கிடைக்காவிட்டால் பத்து நிமிடத்தில் கீழே வந்துவிடுவீர்கள். கிடைத்தால் அரை மணி நேரம். மத்தியானத்தில் அந்தக் காற்று பலமாக இருக்கும், ஆட்டமும் கூடும். முதன்முறை போகிறவர்கள் காலையில் முதல் ஜீப்பில் ஏறுங்கள். பறப்பு சிறிது குறுகினாலும் பரவாயில்லை.

வட்டமடிக்கும்போதுதான் வயிறு புரளும். தம்பிக்குச் சத்தி வந்துவிட்டது. அவன் அரை மணி நேரத்துக்கு முன்னால் மூன்று ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டிருந்தான், பறக்கும்போதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு லேசாகச் சாப்பிடுங்கள், வெறும் வயிறும் கூடாது. இஞ்சி போட்ட பிளேன் டீ எனக்கு உதவியது. பார்வை தூரத்து மலையில் இருக்கட்டும். புரட்டத் தொடங்கியதும் விமானியிடம் சொல்லுங்கள், உடனே நேராகப் பறப்பார். கடைசியில் சுழன்று இறங்கலாமா என்று கேட்பார்கள். முதல் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். படம் எடுப்பதையும் விமானியிடமே விட்டுவிடுங்கள். உங்கள் போன் கையில் கட்டியில்லாவிட்டால் சட்டைப்பையை விட்டு வெளியே வர வேண்டாம்.

இறங்குமிடம் ஏரியோரத்துத் திடல். தரை கிட்ட வரும்போது எழுந்து நிற்கச் சொல்வார், அல்லது காலை முன்னால் நீட்டச் சொல்வார். அது அன்றைய காற்றைப் பொறுத்தது, அவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள். நான் இரண்டு அடி ஓடி நின்றேன். இறங்கியதும் அவர் கொளுவியைக் கழற்றும்வரை அசையாதீர்கள். பின்னால் விழும் துணியையும் நூலையும் மிதிக்காதீர்கள், உங்களுக்குப் பின்னால் இறங்குகிறவர்களுக்கு இடம் விட்டு ஓரமாகப் போங்கள்.

அன்று பின்னேரம் அப்பாவுக்கு போன் எடுத்தேன். பயமா இருந்ததா என்று கேட்கவில்லை. "முச்சை எத்தனை நூல் பிள்ளை? எந்த இடத்தில சேருது?" என்று கேட்டார். நான் எண்ணிப் பார்க்கவில்லை என்றேன். "திரும்பப் போய்ப் பார்த்திட்டு வா" என்றார். அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு முன்பு இறங்குதிடலுக்குப் போய், அந்த விமானி இறக்கையை மடிக்கும்வரை பக்கத்தில் இருந்து, நூல்கள் எங்கெங்கே பிரிந்து எங்கே சேர்கின்றன என்று ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்தேன்.