கடைக் கம்ப்யூட்டர் காலை வாராமல் இருக்க

புளியரையில், கொல்லம் ரோட்டில் எடை மேடை வைத்திருக்கிறேன். ஒருநாள் ராத்திரி எம் சாண்ட் ஏற்றிய பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று மேடை ஏறியது. மேடையின் எடை காட்டும் இண்டிகேட்டரில் 32,780 கிலோ. கம்ப்யூட்டரில் மைனஸ் 32,756. சீட்டும் அப்படியே அச்சாகி வந்தது. ஓட்டி வந்த சேட்டன் அதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, என்டெ வண்டி பறக்குந்நோ?" என்றார்.

மெஷினில் கோளாறு இல்லை. புரோகிராம் எழுதியவர் எடையைப் போட்டுவைக்க 16 பிட் இடம்தான் ஒதுக்கியிருந்தார். அதில் 32,767 வரைதான் கொள்ளும். ஒன்று கூடினாலும் எண் சுற்றிக்கொண்டு மைனஸுக்குப் போய்விடும். அதுவரை ஆறு சக்கரம், பத்துச் சக்கரம் என்று முப்பது டன்னுக்குள்ளேயே வண்டிகள் வந்துபோனதால் யாருக்கும் தெரியவில்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பிய சுமார் 40 நொடியில் சிதறியதும் இதே 16 பிட் விவகாரம்தான். ஏரியன் 4-க்கு எழுதிய புரோகிராமை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் வேகக் கணக்கு அந்த இடத்துக்குள் அடங்கவில்லை. எனக்கு ஒரு சீட்டோடு போயிற்று.

அதனால் புது புரோகிராம் போட்டால், எழுதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோணலாக அடித்துப் பாருங்கள். பூஜ்யம் கொடுங்கள். மேடை தாங்கும் முழு எடையைக் கொடுங்கள். காலி எடையை லோடு எடையைவிடக் கூட்டிப் போடுங்கள். வண்டி நம்பரை விட்டுவிடுங்கள். சேவ் ஆகிற நேரத்தில் பிளக்கைப் பிடுங்குங்கள். இதெல்லாம் பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் நடக்கவேண்டும். கொடுத்த பிறகு அவர் போனை எடுப்பார் என்பது உங்கள் நம்பிக்கை.

அப்புறம் கரண்ட். சாரல் காலத்தில் இங்கே கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும். யூபிஎஸ் வாங்கினால் மட்டும் போதாது; மாதம் ஒரு தடவை மெயின் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பாருங்கள். என்னுடையது மூன்றாம் வருஷம் பச்சை விளக்கு எரிந்தபடியே செத்திருந்தது. கரண்ட் போன நொடியில் கம்ப்யூட்டரும் போயிற்று; பாதி எழுதிய ஃபைல் மறுபடி திறக்கவே இல்லை. ஐப்பசி இடிக்கு, வானம் இருட்டும்போதே, மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்லின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இடி இறங்க ஆரம்பித்தபின் அதைத் தொடவேண்டாம்.

தேதி திடீரென்று பழைய வருஷத்துக்குப் போனால் பயப்படவேண்டாம். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் கொடுப்பார்கள்.

பேக்கப் எடுத்த பென் டிரைவை மேடை ஆபீஸிலேயே வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாதக் கடைசியில் வேறு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, பழைய சீட்டு ஒன்றைத் தேடி எடுங்கள். நான் எட்டு மாதம் பொறுப்பாகக் காப்பி எடுத்தேன். திறந்து பார்த்தால் இருந்தது புரோகிராமின் ஷார்ட்கட், அதாவது அதைத் திறக்கிற வெறும் படம் மட்டும்.

கையால் எழுதும் சீட்டுப் புத்தகத்தையும் மேஜையில் வையுங்கள். சேட்டனுக்கு அன்று அதில்தான் எழுதிக் கொடுத்தேன். கார்பன் பேப்பரைத் தேடத்தான் இருபது நிமிஷம் ஆயிற்று.