ரைன் நதிச் சரக்குக் கப்பல்கள்: மாசைக் குறைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல ஆற்றுக் கப்பலுக்கு லாரியைவிடக் குறைந்த எரிபொருளே போதும். இதைக் காட்டியே கப்பல் சுத்தமானது என்று முடிவுகட்டுவது முதல் தவறு. அந்தக் கணக்கு எரிபொருளையும் அது எரிவதால் வரும் கார்பன் டை ஆக்சைடையும் பற்றியது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம், ஜெர்மனியின் டூயிஸ்பர்க் போன்ற துறைமுக நகரங்களின் காற்றில் பழைய டீசல் எஞ்சின்கள் கலக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் நுண்துகள்களையும் அது காட்டாது.

புதிய விதி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று காத்திருப்பதும் பயன் தராது. ஐரோப்பிய ஒன்றியம் 2019, 2020 ஆண்டுகளில் நடைமுறைப்படுத்திய கடுமையான வரம்புகள் புதிதாகப் பொருத்தப்படும் எஞ்சின்களுக்கே உரியவை. பழைய எஞ்சினோ பல பத்தாண்டுகள் ஓடக்கூடியது.

எஞ்சினை மாற்றும் சுமையை உரிமையாளர் தலையில் மட்டும் ஏற்றுவதே என் பார்வையில் மிகப்பெரிய தவறு. நெதர்லாந்தில் ஒரே ஒரு கப்பலை வைத்துக்கொண்டு, அதிலேயே குடியிருந்து தொழில் செய்யும் குடும்பங்கள் ஏராளம். அவர்களால் அத்தனை பெரிய முதலீட்டைத் தனியாகத் தாங்க இயலாது. 2021-இல் ஓடத் தொடங்கிய 'அல்ஃபெனார்' என்ற மின்சாரக் கப்பல் வேறு வழியைக் காட்டியது. ஹைனெகன் நிறுவனத்தின் பீரை மூர்டைக் துறைமுகத்துக்கு ஏற்றிச் செல்லும் அக்கப்பலின் மின்கலங்கள் கொள்கலன்களுக்குள் அடங்கியவை. தீர்ந்தால் கரையில் இறக்கிவிட்டு, மின்னேற்றிய வேறொன்றை ஏற்றிக்கொள்ளலாம். அவற்றை வழங்கும் நிறுவனத்தை ரோட்டர்டாம் துறைமுகமும், ஒரு வங்கியும், ஓர் எரிசக்தி நிறுவனமும், ஓர் எஞ்சின் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியதால், கப்பல்காரர் மின்கலத்தை விலைக்கு வாங்காமல் பயன்படுத்திய அளவுக்குப் பணம் கட்டினால் போதும். சரக்கு அனுப்புபவர் நீண்டகால ஒப்பந்தம் தராவிட்டால் இந்த ஏற்பாடு நிலைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டேங்கர் கப்பல்களில் சிக்கல் எஞ்சினோடு முடிவதில்லை. பெட்ரோலோ பென்சீனோ இறக்கிய பின் தொட்டியில் தங்கும் ஆவியைக் காற்றில் திறந்துவிடுவதைத் தடுக்கும் திருத்தத்தை ரைன் பகுதியின் ஆறு நாடுகள் கப்பல் கழிவுகள் பற்றிய தம் ஒப்பந்தத்தில் 2017-இல் ஏற்றுக்கொண்டபோதிலும், அது 2024 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. தடை மட்டும் இருந்து, ஆவியை உறிஞ்சிச் சுத்திகரிக்கும் கரை நிலையங்கள் இல்லையென்றால் கப்பல்காரர் எங்கே போவார்? இரசாயன நிறுவனங்கள் தமக்குள் பேசி, அதே சரக்கையோ அதற்கு ஒத்த சரக்கையோ அடுத்தும் ஏற்ற ஏற்பாடு செய்தால், பல பயணங்களில் தொட்டியிலுள்ள ஆவியை வெளியேற்றும் தேவையே எழாது.

வேகத்தையும் பலர் கவனிப்பதில்லை. வேகம் சிறிது கூடினாலே எஞ்சினுக்கு வேண்டிய ஆற்றல் அதைவிட அதிக விகிதத்தில் ஏறும். ஆழம் குறைந்த ஆற்றில் இன்னும் அதிகம். அப்படி விரைந்து வந்த கப்பல் சரக்கு முனையத்தின் வாசலில் மணிக்கணக்கில் காத்துக்கிடந்தால், விரைவுக்காகக் கூடுதலாக எரித்த டீசல் முழுவதும் வீண். முனையங்கள் தம் நேர ஒதுக்கீட்டை முன்கூட்டியே உறுதிசெய்து, தாமதத்தை உடனுக்குடன் தெரிவித்தால், கப்பல் தலைவர் வழியிலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்.